ஒரு வால்வு, இரண்டு ஊர்

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

வெள்ளாறு கரை மீறிச் சேத்தியாத்தோப்புச் சந்தை பல வாரம் கூடாமல் போன வருஷம் அது. என் மூத்தவன் பிறந்ததும், எங்கள் தெருவில் முதன்முதலாகக் கரண்டுக் கம்பம் நட்டதும் அதே வருஷம்தான். தண்ணீர் வடிந்த தையில் நீங்களும் உங்கள் தம்பி சின்னவரும் வால்வுப் பட்டறையைப் பாகம் பிரித்துக்கொண்டீர்கள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. சொல்ல வேண்டிய சேதி நிறையச் சேர்ந்துவிட்டது மாமா.

உங்கள் பேரப்பிள்ளைகள் இப்போது அந்தப் பட்டறையைக் கம்பெனி என்கிறார்கள். ஆரம்பத்தில் அது கடலூரில், கரும்பாலையின் பழுதான வால்வுகளைச் சரிபார்க்கும் ஒரு கொட்டகை. நீராவியை வேண்டிய அளவு மட்டும் விட்டு, தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் வால்வுகள். அதை நாமே வார்க்கலாம் என்று கோவிந்த ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு மர அச்சு செதுக்க வைத்தீர்கள். நீராவி ஓடும் கீழ்ப்பாகத்துக்கு ஒன்று, அதைப் பாடி என்பார்கள். மேலே உட்காரும் மூடிக்கு ஒன்று. முதல் வால்வை ஆலையில் மாட்டிய அன்று அண்ணனும் தம்பியும் ஒரே சைக்கிளில் வீடு வந்து இறங்கியது என் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம்தான் புதுக் கொட்டகைப் பேச்சு வந்தது. கடலூரிலேயே போடலாம் என்றீர்கள் நீங்கள். கீரப்பாளையத்தில் நம் நிலத்தில் போடலாம் என்றார் அவர். வார்த்தை தடித்துப்போயிற்று. நம் சனத்துக்கு நிலம் பிரித்துத்தானே பழக்கம்? அதே மாதிரி லேத்து ஆளுக்கு ஒன்று, உலை ஆளுக்கு ஒன்று, மர அச்சும் ஆளுக்கு ஒன்று என்று பிரித்தீர்கள். உங்களுக்குப் பாடி, சின்னவருக்கு மூடி!

பஞ்சாயத்து பேச வந்த வைத்தியலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், இருக்கிற ஒரு வேட்டிய நடுவுல கிழிச்சி ஆளுக்குப் பாதி கட்டிக்குவீங்களாடா?"

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலில் வண்டியோடு நின்ற நான்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குக் கூலியாக ஒரு வேலை கிடைத்தது. கடலூரில் வார்த்த பாடியைக் கீரப்பாளையத்துக்கும், அங்கே வார்த்த மூடியைக் கடலூருக்கும் ஏற்றிப் போகிற வேலை. முதலில் மாட்டு வண்டி, பிறகு டெம்போ. நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. பேச்சையும் நான்தான் ஏற்றிப் போனேன்.

"போல்ட்டு ஓட்டை ரெண்டு நூல் தள்ளிப்போயிருக்கு. கண்ணு தெரியலன்னா கண்ணாடி வாங்கிப் போடச் சொல்லு உங்க மாமாவ" என்பார் சின்னவர்.

"ஓட்டை சரியாத்தான் இருக்கு. அவன் மூடிதான் கோணல், அவன மாதிரியே" என்பீர்கள் நீங்கள். அடுத்த தடவை நான் வந்தபோது உங்கள் மூக்கில் புதுக் கண்ணாடி!

போன மாதம் வெளியூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சரக்கு பிடித்திருக்கிறது, ஆனால் முழு வால்வையும் ஒரே இடத்தில் வார்த்துக் கொடுத்தால்தான் ஆர்டர் என்றார்கள். சின்னவர் மகன் பாலமுருகன் கம்ப்யூட்டரில் பாடி வரைந்து, அச்சு அடிக்கக் கோயம்புத்தூரில் பேசியும் விட்டான். கேள்விப்பட்டு உங்கள் மகள் கனகா கீரப்பாளையத்துக்கே கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன்.

"நீ பாடி போட்டுக்கோ, நான் மூடி போட்டுக்கறேன். அப்புறம் நீ யாரோ, நான் யாரோ. அவ்ளோதானே?"

"நான் சண்டைக்கா வந்தேன்? ஆர்டர் போயிடும்க்கா."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்த டெம்போ ஒன்றுதான். அதுவும் நின்றுபோனால் கல்யாணப் பத்திரிகைகூடத் தபாலில்தான் வரும். நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்த சின்னவரைப் பார்த்துக் கேட்டே விட்டேன்.

"சின்ன மாமா, கோவிந்த ஆசாரி உங்களுக்கு அடுத்த தெருவுலதானே இருந்தாரு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே பாடி அச்சு செஞ்சி குடுத்திருப்பாரு. நீங்க ஏன் செய்யல?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "செஞ்சிருந்தா நீ எதுக்குய்யா இங்க வரப்போற? அண்ணன் சாப்புட்டுதா, இருமல் ஜாஸ்தியா, கொறஞ்சுதான்னு நான் யாரைப் போயி கேக்கறது?"

ஆமாம், மூடியை வண்டியில் ஏற்றும்போதெல்லாம் கேட்பார்தான். நீங்களும் கேட்பீர்கள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அது சும்மா கேட்கிற கேள்வி என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீங்கள் ஏன் மூடி அச்சு செய்யவில்லை மாமா? இருக்கும்போது கேட்கத் தோன்றவில்லையே.

கனகாதான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க அச்சு இங்கயே வரட்டும். ஆனா போர்டுல எங்கப்பா பேருதான் மொதல்ல."

"பெரியவன் பேருதானே மொதல்ல வரும்? அத என்னாத்துக்குக் கேக்கற?" என்று சின்னவர் அதட்டினார். பாலமுருகன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கோயம்புத்தூருக்கு வேண்டாம் என்று சொல்லத்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் அச்சு கீரப்பாளையம் போகிறது. என் மகன் ஓட்டுவான். அச்சைப் பின்னால் போட விடமாட்டேன். என் மடியில் வைத்துக்கொண்டுதான் போவேன். முதல் முழு வால்வு வார்த்ததும், ஓட்டைக்கு ஓட்டை சரியாக உட்கார்ந்ததா என்று உங்களுக்குச் சொல்லியனுப்புகிறேன். இது சத்தியம்.

பாகம் பிரித்த அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்த வைத்தியலிங்கம் இல்லை, கோவிந்த ஆசாரி இல்லை, உங்களைக் கட்டிய என் அக்காவும் இல்லை, நீங்களும் இல்லை. ஒருவர் மட்டும் இருக்கிறார். மருமகள் எழுதுவதை என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். "நான் கேட்டேன்னு எழுது" என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன் செல்வராசு,
கூடவே உங்கள் தம்பி கோதண்டபாணி.