நல்ல நேரம் பார்த்த டிராக்டர்

1988, தை மாதத்து வெள்ளிக்கிழமை. தேவதானம்.

தொழுவத்தில் பல வருஷம் கிடந்த மாமனாரின் டிராக்டருக்கு இன்ஜினைப் பிரித்துப் பூட்டியாயிற்று. இன்றைக்கு ஓடாவிட்டால் இரும்புக்கடைக்குப் போட்டுவிடுவதாக மனைவி செல்லத்தாயிடம் வாய் விட்டிருந்தேன்.

காலையில் சேத்தூர் மெக்கானிக் சுப்பையா சும்மா ஒரு தடவை கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தார். உடனே பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லத்தாய் தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள்.

“ராகு காலத்துலயா ஸ்டார்ட் பண்ணுதீய? நிப்பாட்டுங்க. தேங்கா ஒடச்சிட்டுப் பொறவு ஓட்டலாம்.”

நிறுத்தினோம். புத்தி கெட்டுப்போய் நிறுத்தினோம்.

ராகு காலம் முடிந்து, தெருவே கூடி நிற்க, தேங்காய் உடைத்தோம். இன்ஜின் இருமக்கூட இல்லை. சுழற்றிச் சுழற்றி என் தோள்பட்டை கழன்றது. கடைசியில் பக்கத்துத் தோட்டத்து மாடுகளைப் பூட்டி இழுத்தோம். டிராக்டரை மாடு இழுப்பதைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

திடீரென்று கரும்புகை கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்தது. மாடுகள் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. செல்லத்தாய் கடிகாரத்தைப் பார்த்தாள். எமகண்டம்.

“அக்கா, இதை நிப்பாட்டச் சொன்னீயன்னா நான் இப்பமே சேத்தூருக்கு நடந்து போயிருவேன்” என்றார் சுப்பையா.

செல்லத்தாய் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். “நிப்பாட்ட வேண்டாம், ஓடட்டும். நிப்பாட்டுறதையாவது நல்ல நேரத்துல நிப்பாட்டுவோம்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் நிறுத்தக் கூடாதாம்; அந்த நல்ல நேரம் நாளைக் காலையில்தானாம். வாசலில் இன்னும் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டில் ஆடுகிறது, இதை எழுதும் பேனா ஆடுகிறது. டீசல் விடியும்வரை தாங்காது. அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.