வாத்தியார் அடித்த வெள்ளை

அக்டோபர் 31. காலையில் தூறல், பிறகு வெயில்.

பேத்தி ஸ்டெல்லா குவைத் ஆஸ்பத்திரியில் வார்டுக்கே பொறுப்பு. பேரன் பிராங்க்ளின் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங், ஒரு பேப்பர்கூட அரியர் இல்லை. சின்னவள் ஜெனி பத்தாவதில் அறிவியலுக்கு நூற்றுக்கு நூறு. என்னைப்போல அஞ்சாவதோடு நின்றது ஒன்றுமில்லை.

இத்தனை படித்த மூன்றும் குடும்ப வாட்சப்பில் இதயமாக அனுப்பியிருக்கின்றன. எதற்கு? கொழுந்தன் அந்தோணி, ரிட்டையரான அறிவியல் வாத்தியார், என்னைக் கேட்காமல் என் வீட்டுக்காரர் கல்லறைக்கு வெள்ளையடித்துப் படம் போட்டிருக்கிறார். நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். சாமியார் மந்திரிக்க வருவார்.

போய் விரலால் தேய்த்தேன். விரலெல்லாம் மாவு.

"தம்பி, இது சுண்ணாம்பா?"

"பாக்கெட் பவுடர் மதினி. தண்ணியக் கலக்குனாப் போதும்."

"கலக்கயில கொதிச்சுச்சா?"

"எதுக்குக் கொதிக்கணும்?"

பௌதிக மாற்றம், ரசாயன மாற்றம் என்று முப்பது வருடம் பிள்ளைகளை எழுதவைத்த வாய்.

நவம்பர் 1. விடியவிடிய மழை.

கல்லறை பழைய சிமெண்டு நிறம். வெள்ளை முழுதும் வழிந்து பக்கத்துக் கல்லறைமேல். காளவாசலில் காலமெல்லாம் சுண்ணாம்பு சுட்டவர் தலைமாட்டில் சாக்பீஸ் தூள். வெட்கக்கேடு.

மருமகள் ரோசி சின்னமனூர் போய்ச் சுட்ட சுண்ணாம்புக்கல் வாங்கி வந்தாள். பானைத் தண்ணீரில் போட்டதும் குபுகுபு.

"ஆத்தாடி, அடுப்பே இல்லாமக் கொதிக்குது! மாமா இருந்தா சிரிச்சிருப்பாக."

என் வீட்டுக்காரர் இருந்தபோது சொல்வது: வெறுமனே நனைந்தது காய்ந்தால் பழைய மாவு. கொதித்தது வேறு பொருள். சுவரில் காற்றைக் குடித்துக் கல்லாகும்.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "இது ரசாயன மாற்றம் மதினி." பிள்ளை பிறந்தபின் பேர் வைக்க வந்துவிட்டார்.

வடிகட்டி, உப்புப் போட்டு மூடினேன்.

நவம்பர் 2. மந்தாரம்.

காலையில் இரண்டு கை அடித்தோம். ஈரத்தில் சாம்பல் நிறம். சாயங்காலம் சாமியார் தீர்த்தம் தெளிக்கும்போதும் அதே சாம்பல். சுற்றிலும் பெயிண்டு அடித்த கல்லறைகள், பளபள.

வாத்தியார் அத்தனை சனத்துக்கும் கேட்கும்படி: "என்ன மதினி, வெளுக்கவே இல்ல? என் பவுடராச்சும் ஒரு நா நின்னுச்சு."

சிரித்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினேன். கல்லறைக்குள் இருக்கும் இவரிடம் மட்டும் சொன்னேன்: மானத்தைக் காப்பாற்றுங்கள்.

நவம்பர் 4. இரண்டாம் நாளும் நல்ல வெயில்.

பால் வெள்ளை. கருப்பு முந்தானையால் அழுத்தித் தேய்த்தேன். ஒட்டவில்லை. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். வழிந்தது தெளிந்த தண்ணீர்.

குரூப்பில் இன்னும் வாத்தியார் படம்தான், இதயங்களோடு.

ரோசியிடம் சொன்னேன்: "ஏத்தா, புதுப் படம் எடுத்துப் போடு. தண்ணி வழியறதும் தெரியணும். செம்பையும் சேத்து எடு."