திரும்பி வருவாள் என்பதற்கு அத்தாட்சி

இலொய்லோ
4 மார்ச் 1996

டோமிங்,

கிறிஸ்துமஸ் அட்டை தவிர வேறெதுவும் என்னிடமிருந்து வராத வீட்டுக்கு இவ்வளவு கனமான உறை வந்ததும் பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலியும் அடங்கியிருக்கும் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன்.

சந்தோஷச் செய்தி முதலில். ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் நடக்கும் மாநாட்டில் என் கடல் அட்டைக் கட்டுரையைப் படிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் முழங்கால் தண்ணீரில் நின்றது வீண்போகவில்லை! தங்க இடம் அவர்களே தருகிறார்கள். விமான டிக்கெட்டுக்கு மணிலாவிலிருக்கும் அறிவியல் கவுன்சில் உதவித்தொகை தரும், ஆனால் பாஸ்போர்ட்டில் விசாவைப் பார்த்த பிறகுதான் தருமாம். தூதரகமோ டிக்கெட்டுக்குப் பணம் எங்கே, காட்டு, பிறகு விசா என்கிறது. எங்கள் டீன் அபெல்லானா அம்மாள், "விசா வந்தவுடனே குடுப்போம்னு கவுன்சில்கிட்ட எழுதி வாங்கறேன், நீ மூக்கைச் சிந்தாம போய் வகுப்பெடு" என்று அதட்டி அனுப்பியிருக்கிறார்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். நான் திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி. டிராவல் ஏஜென்சிப் பெண் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"வீடு?"

"வாடகை."

"பிள்ளைங்க?"

"இல்லை."

"என்ன மேடம் இது, உங்களைத் திரும்ப இழுத்துட்டு வர ஒண்ணுமே இல்லையா? போனா அங்கேயே தங்கிடுவீங்கன்னு சொல்லிடுவாங்களே! புருஷனாவது இருக்காரா?"

"இருக்கார்" என்றேன். பொய் இல்லையே. சட்டப்படி நீ இருக்கத்தானே செய்கிறாய்?

ஆறு வருஷம் தனித்தனியாக இருந்துவிட்டு இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. என் கணவன் என்ற முறையில் தூதரகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தருவாயா? மாட்டேன் என்றாலும் கோபிக்கமாட்டேன். கொஞ்சம் கோபிப்பேன்.

அன்புடன்
ஃபெலி


லாரேனா, சிக்கிஹோர்
16 மார்ச் 1996

என் விஞ்ஞானி அம்மாவுக்கு,

யாரும் சாகவில்லை என்று ஆரம்பத்திலேயே எழுதினதற்கு நன்றி. பயந்துகொண்டேதான் பிரித்தேன்.

ஸ்காட்லாந்தா! அடி சக்கை! என்ஜின் ரிப்பேருக்குப் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "நாங்க அந்த அட்டையைக் காயவெச்சுச் சீனாக்காரனுக்கு வித்துக்கிட்டிருக்கோம், எங்களை எவனும் ஏரோப்ளேன்ல ஏத்தலையே" என்று அட்டை பிடிக்கிற பெர்த்தோ புலம்புகிறான். கல்யாண வாரத்தில் அம்மாவின் துவைக்கிற தொட்டியில் நீ அதுகளை வளர்த்த கதையையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது.

கடிதம் இத்துடன் இருக்கிறது. கல்யாணப் பதிவின் நகலும் வைத்திருக்கிறேன். சேர்ந்து குடித்தனம் நடத்துகிறோம் என்று எழுத எனக்கு வரவில்லை, ஃபெலி. நான் பொய் எழுதினால் எழுத்தே கோணிக்கொண்டு போகும், உனக்குத் தெரியும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். போதுமா என்று பார்.

உன் கடிதம் வந்த அன்று நானும் உனக்கு எழுதத்தான் உட்கார்ந்திருந்தேன், வேறொரு காரியமாக. அது இருக்கட்டும். முதலில் உன் பயணம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

டோமிங்


இலொய்லோ
30 மார்ச் 1996

அன்புள்ள டோமிங்,

தபால் நிலைய வாசலிலேயே நின்று படித்தேன். 'என் மனைவியும் நானும் இப்போது வேறு வேறு தீவுகளில் இருக்கிறோம். ஆனால் அவள் எடுத்த வேலையைப் பாதியில் போட்டவள் அல்ல. அவளுடைய அட்டைகள் எங்கள் கடலில் இருக்கின்றன, உங்கள் குளிர்க் கடலில் இல்லை. அதனால் அவள் திரும்பி வருவாள். இதை அவள் கணவன் சொல்கிறேன்.' பக்கத்தில் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருந்த கிழவர் கைக்குட்டை நீட்டினார். வெட்கக்கேடு.

டீன் அம்மாள் படித்துவிட்டு, "இந்த மாதிரி ஆளை ஏண்டி விட்டுட்டு வந்தே?" என்றார். என்ன சொல்வேன்? இந்த ஊரில் மூன்று மாதம் இருந்து பார்த்து மூச்சுமுட்டி நீ ஊர் திரும்பினாய். அடுத்த லீவுக்கு நான் வருகிறேன் என்றேன். அந்த லீவுக்கு ஒரு ஆராய்ச்சி, அதற்கடுத்த லீவுக்கு இன்னொன்று. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் என்றைக்கோ சமாதானம் ஆகியிருப்போம்.

கவுன்சில் கடிதம் வந்துவிட்டது. மே மாதம் நேர்காணல். ஆமாம், அந்த வேறொரு காரியம் என்ன? பட்டறைக் கூரையா? உன்னை நீ கவனித்துக்கொள்கிறாயா, இல்லை இன்னும் டப்பா மத்தியையே தின்றுகொண்டிருக்கிறாயா?

உன்
ஃபெலி


லாரேனா
13 ஏப்ரல் 1996

அன்புள்ள ஃபெலி,

கூரை நன்றாக இருக்கிறது. நானும் நன்றாக இருக்கிறேன். டப்பா மத்தியை விட்டு வெகுநாளாயிற்று. முருங்கைக்கீரை போட்ட சூப்பும் சோறும் தினம் கிடைக்கிறது, எடைகூடப் போட்டுவிட்டேன்.

இத்துடன் பார்சலில் ஒரு கம்பளிக் கோட்டு வருகிறது. கனடாவில் இருக்கும் தன் தங்கை அனுப்பியதாம், நெனிட்டா என்பவள் கொடுத்தாள். இங்கே சுகாதார நிலையத்தில் மருத்துவச்சியாக இருக்கிறாள். "ஜூன்னாலும் அங்க குளிர் கொல்லுமாம், வெறும் ரவிக்கையோட போயி நின்னா பேச்சு வராது, பல்லுதான் தட்டும்" என்றாள். கை கொஞ்சம் நீளம். மடித்துக்கொள்.

நேர்காணலில் அதிகமாகப் பேசாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அட்டையைப் பற்றி ஆரம்பித்தால் உனக்கு நிறுத்தத் தெரியாது.

டோமிங்


மணிலா
7 மே 1996

என் டோமிங்,

கிடைத்துவிட்டது! பாஸ்போர்ட்டின் நடுப்பக்கத்தில் பளபளவென்று ஒட்டியிருக்கிறார்கள். கவுன்சிலுக்கும் போய்க் காட்டிவிட்டேன், டிக்கெட்டுக்கு ஏற்பாடாகிவிட்டது.

அந்த அதிகாரி இளம்பெண். "உங்க கணவரைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்றாள். நாலு வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்புறம் அவருக்காகத் திரும்பி வருவீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"அவர் நம்பறார். படிச்சுப் பாருங்க."

இரண்டு முறை படித்தாள். பிறகு, "உங்களுக்காக ஒருத்தர் காத்திருக்காரு, அது தெரியுது" என்றாள். நான் தலையாட்டினேன்.

ஜீப்னி வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தத் தலையாட்டலை விசாவுக்காகச் செய்யவில்லை, டோமிங். மெய்யாகவே ஆட்டினேன். எனக்கு உன்னிடம் வரவேண்டும். துமகெத்தேயில் கடல் அட்டைக் குஞ்சுபொரிப்பு நிலையம் தொடங்கப்போகிறார்கள், என்னைக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்து உன் தீவுக்குப் படகில் கொஞ்ச நேரம்தான். வாரம் ஐந்து நாள் அட்டைகளுக்கு, இரண்டு நாள் உனக்கு. இதைவிட நல்ல பேரம் என்னிடமிருந்து கிடைக்காது. வரட்டுமா? ஜூன் ஐந்தாம் தேதி விமானம். அதற்குள் எழுது.

உன்னுடைய
ஃபெலி


லாரேனா
18 மே 1996

அன்புள்ள ஃபெலி,

விசா கிடைத்த செய்தியைப் படித்துப் பட்டறையில் கூச்சலே போட்டேன். அதற்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்த பிறகு வேலை ஓடவில்லை.

நீ ஸ்காட்லாந்து போய் வந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் வரட்டுமா என்று நீ கேட்டிருக்கும்போது பேசாமல் இருந்தால் அதுவும் பொய்தான். மூன்று வருஷமாக நெனிட்டாவும் நானும் ஒன்றாக இருக்கிறோம். கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம். மார்ச்சில் நான் எழுத உட்கார்ந்த காரியம் அதுதான். நம் கல்யாணத்தை ரத்துசெய்ய மனுக் கொடுக்க உன் சம்மதம் கேட்க உட்கார்ந்தேன். உன் உறை வந்தது. மனுப் போட்டுவிட்டு 'அவள் கணவன் சொல்கிறேன்' என்று எந்த முகத்தோடு எழுதுவேன்? நெனிட்டாவிடம் காட்டினேன். "அவங்க போயிட்டு வரட்டும். நம்ம கல்யாணத்துக்கு என்ன, ஓடியா போயிடும்?" என்றாள்.

நம் நாட்டுச் சட்டத்தில் விவாகரத்து ஏது? இரண்டு பேரில் ஒருவருக்குத் தொடக்கத்திலிருந்தே கல்யாண வாழ்க்கைக்கு வேண்டிய மனத்தகுதி இல்லை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டுமாம். அந்தத் தகுதி இல்லாதவன் நான் என்று எழுதச் சொல்லி வக்கீலிடம் சொல்லிவிட்டேன். உன் பெயருக்கு ஒரு கீறலும் விழாது.

உனக்காக நான் காத்திருந்தது உண்மை, ஃபெலி. முதல் மூன்று வருஷம். மன்னித்துவிடு.

டோமிங்


அபெர்தீன், ஸ்காட்லாந்து
12 ஜூன் 1996

அன்புள்ள டோமிங்,

புறப்படுவதற்கு முந்தின நாள் உன் கடிதம் வந்தது. விமானம் ஏறி இறங்கும்வரை உன்னைத் திட்டினேன். நெனிட்டாவையும் திட்டினேன். அவளுடைய கோட்டுக்குள் இருந்துகொண்டே திட்டினேன், அவ்வளவு குளிர். மடையா, மூன்று வருஷம் காத்திருந்ததை அப்போதே ஒரு வரி எழுதியிருக்கக்கூடாதா? நானும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நேற்றுக் கட்டுரை படித்தேன். குரல் நடுங்கவில்லை. முழுநிலவை ஒட்டி அட்டைகள் முட்டையிடும் படங்களைப் போட்டதும் கேள்வி கேட்கக் கைகள் எழுந்துவிட்டன. கேள்வி நேரத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் சேர்ந்து வேலை செய்யலாமா என்று ஒரு நார்வேக்காரர் கேட்டிருக்கிறார். நீ எழுதிக்கொடுத்த கடிதத்தால்தான் அந்த மேடையில் நின்றேன். அதை மறக்கமாட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். மனுவில் உன் பெயரைப் போடாதே. கல்யாணத்துக்கு லாயக்கில்லாதவன் என்று நீதிமன்றமே சொன்ன ஆளை நெனிட்டா எப்படிக் கட்டிக்கொள்வாள்? பாதிரியார் என்ன கேட்பார், அவள் அம்மா என்ன சொல்வாள்? யோசித்தாயா? எனக்கு இனி யாரிடமும் அந்தத் தகுதிச் சான்று காட்ட வேண்டியதில்லை. என் பெயரைப் போடச் சொல். வக்கீல் எந்தத் தேதி சொன்னாலும் வந்து நிற்கிறேன்.

மேடைப் பேச்சுக்குப் பழகின அதே கண்ணாடி முன் நின்று, நீதிபதிக்குச் சொல்லவேண்டியதையும் பழகிக்கொண்டிருக்கிறேன். 'இவர் நல்ல கணவர், ஐயா. காத்திருந்தார். நான்தான் வரவில்லை.' அழாமல் சொல்ல இன்னும் வரவில்லை. ஊர் வந்து சேர்வதற்குள் வந்துவிடும்.

ஃபெலிசிடாஸ்