அடகு வாங்கக் கூடாத அட்டை

அன்புள்ள சித்திக்கு,

இன்று காலை அட்டன் ஸ்டேஷனில், டிக்கெட் ஜன்னலருகே ஒரு வெள்ளைக்காரர் சிறிய அட்டை ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றார். உள்ளே இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க உங்கள் ஞாபகம்தான், ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை.

சிவனொளிபாத மலை அடிவாரத்தில், நல்லதண்ணியில், யாத்திரைக் காலத்துக்கு நீங்கள் சீசன் கடை போட்டிருந்த வருடம் அது. லீவுக்கு வந்த நான் தேங்காய் துருவுவேன், வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் இங்கிலீஷ் பேசுவேன். மலையேறிவிட்டுக் காசு தீர்ந்துபோய் இறங்குகிறவர்கள் குடையோ கைக்கடிகாரமோ உங்களிடம் அடகு வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். சீசன் முடிவதற்குள் எல்லோரும் வந்து மீட்டுவிடுவார்கள். அதில் உங்களுக்கு ஒரு பெருமை.

அந்த அமெரிக்கப் பெண் புருஷனைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அவருக்குக் கால் பிசகி வீங்கியிருந்தது. பணப்பை மலையில் எங்கோ விழுந்துவிட்டது. மிஞ்சியது ஒரு அட்டை. அதைக் காட்டினால் கடைக்காரர் எழுதிக்கொள்வாராம், அமெரிக்காவில் இருக்கும் கம்பெனி பிறகு பணம் கொடுக்குமாம். கொழும்பு ஹோட்டலில் அப்படித்தான் நடந்ததாம். நான் இதைத் தமிழில் சொன்னதும் வாடகைக் கார் டிரைவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத ஊத்துனா கார் ஓடுமாங்க அக்கா?"

கையில் ஏதாவது வைத்தால்தான் அட்டனுக்கு வண்டி எடுப்பேன் என்றார். பெஞ்சில் கிடந்தவர் முனகினார். கடையிலும் சில்லறைதான் இருந்தது. காலையில்தான் அரிசிக்காரருக்குக் கொடுத்திருந்தீர்கள். நீங்கள் காதுத் தோட்டைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்தீர்கள், பணம் வந்ததும் மீட்டுக்கொள்வதாக. அந்தப் பெண்ணின் அட்டையை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டீர்கள். அடகுக்கு அடகு சரியாகிவிட்டது என்று திரும்பிவிட்டீர்கள்.

அவள் முகம் வெளுத்து என் கையைப் பிடித்தாள். அட்டை இல்லாமல் கொழும்பில் அறை கிடையாது, ஊர் திரும்ப வழி கிடையாது என்றாள். அவள் பேர் போட்ட அட்டை, வேறு யார் கையிலும் செல்லாது. அதையும் உங்களிடம் சொன்னேன்.

"அவளுக்கு மட்டுந்தான் செல்லுமா?"

"ஆமாங்க சித்தி."

"அப்ப தாலி மாதிரில்ல. தாலிய யாராச்சும் அடகுக்கு வாங்குவாங்களா? மொதல்லயே சொல்லக் கூடாதா புள்ள?"

சுருக்குப்பையை அவிழ்த்து, அட்டையை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டீர்கள். தோட்டைத் திரும்பக் கேட்கவில்லை. பணம் அனுப்ப விலாசம் கேட்டாள். நல்லதண்ணி, சீசன் கடை என்று சொல்லச் சொன்னீர்கள். கார் போனதும் விளக்குமாற்றில் ஈர்க்கு ஒடித்துக் காதில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டீர்கள்.

டிரைவர் சீசன் முடியும்வரை பொறுத்திருந்துதான் தோட்டை விற்றார். வெசாக் பௌர்ணமியோடு சீசன் கழிந்ததும் நம் கடையையும் பிரித்தாயிற்று. அதற்குப் பிறகு பணம் வந்திருந்தால் தபால்காரர் வெறும் மண்ணைத்தான் பார்த்திருப்பார். இது அப்போது நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சுச்சளியோடு நீங்கள் படுத்திருந்தபோதும் காதில் ஈர்க்குதான். "அந்த ஆளுக்குக் கால் சரியாயிருக்குமா?" என்று என்னிடம் கேட்டீர்கள். தோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் சாவு வீட்டில் தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்கள் உங்கள் காதைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் ஏமாற்றினாளா, அனுப்பியது வழியில் தொலைந்ததா, எனக்குத் தெரியாது. அதை நினைத்து நினைத்து அலுத்துவிட்டது, சித்தி. அவள் மேல் கோபப்படவும் தெம்பில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாராவது எதையாவது என் முன் நீட்டினால், அது இல்லாமல் இவர்கள் வீடு போய்ச் சேர முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.