இரண்டாம் சூடு

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

குழம்பாமலிருக்க வரிசையாக எழுதுகிறேன்.
1. என் சோதனை
2. நீ ஏன் அங்கேயே இருக்க வேண்டும்
3. அம்மாவின் முழங்கால்

ஒன்று. "உங்க பசை ஒட்டிச்சா, விஞ்ஞானி?" என்று கேட்டிருந்தாய். நுண்ணுயிரிலிருந்து எடுத்த இயற்கைப் பாலிமரையும் ஆலைப் பிளாஸ்டிக்கையும் கலந்து, கடுகளவு எடுத்து, குட்டி அலுமினியக் கிண்ணத்தில் மூடிச் சூடாக்கினேன். கலக்காவிட்டால் வரைபடத்தில் இரண்டு வளைவுகள் தெரியும், கலந்தால் ஒன்று. முதல் சூட்டில் இரண்டு வந்தன. அதை நாங்கள் பொருட்படுத்துவதில்லை, பொருள் முன்பு பட்ட சூட்டின் பழைய வடு அது. ஆறவைத்து மறுபடி சூடாக்கினேன். ஒன்றே ஒன்று!

இரண்டு. மாப்பிள்ளை உன்னை வேலையை விடச் சொன்னதும், போனை வாங்கிக்கொண்டதும், வெளியிலிருந்து பூட்டிப் போவதும் சரியென்று சொல்லமாட்டேன். ஆனால் இது முதல் சூடு. கொஞ்சம் பொறுத்துக்கொள். தவறாகச் சொல்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

மூன்று. முழங்கால் தேவலை.

நீ ஜன்னல் வழியாகக் கடிதம் போடும் கீழ்வீட்டு அக்கா விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன்.

அப்பா

ஏப்ரல் 11

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

நலம். நீங்கள் சொன்னது சரி. இப்போது எங்களுக்குள் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. வெளியே போக எனக்கும் தோன்றுவதில்லை. கீழ்வீட்டு அக்காவை இனித் தொந்தரவு செய்ய வேண்டாம். இதை உங்கள் மாப்பிள்ளையே தபாலில் சேர்ப்பார்.

இப்படிக்கு,
மகள்

ஏப்ரல் 16

வாயாடி,

இது தபாலில் வரவில்லை. உன் கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூப்பிட்டேன். "போயிடுங்கப்பா, அவர் வந்துடுவார்" என்று மட்டும் சொன்னாய். கதவுக்கு வெளியே நின்று கத்திப் பேச எனக்கு வராது. அதனால் அடியிடுக்கில் தள்ளுகிறேன்.

உன் கடிதத்தில் ஒரு கேலிகூட இல்லை. படித்ததும் ஆய்வகத்துக்குப் போய், முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்; அந்தக் கிண்ணத்தை எடைபோட்டேன். குறைந்திருந்தது. இயற்கைப் பாலிமர் முதல் சூட்டிலேயே சிதைந்து, மூடியின் ஊசித்துளை வழியே ஆவியாகப் போயிருக்கிறது. இரண்டும் கலந்ததால் ஒரு வளைவு வரவில்லை. ஒன்று இல்லாமலே போனதால் வந்தது.

கீழ்வீட்டு அக்கா பூட்டுக்காரரைக் கூட்டி வந்திருக்கிறார். "என்ன பெரியவரே, பரீட்சையா எழுதுறீங்க? உடைக்கட்டுமா வேணாமா?" என்கிறார் பூட்டுக்காரர். நீ உள்ளேயிருந்து "சரி" என்றால் போதும். அம்மா கீழே ஆட்டோவில் காத்திருக்கிறாள். முழங்காலால் படியேற முடியவில்லை.

போன கடிதத்தில் இரண்டாவதாக எழுதியது தவறு.

அப்பா