மேற்குச் சுவரோரம் ஓர் இத்தாலி சோபா

பேளுக்குறிச்சி
வெள்ளிக்கிழமை

அருமை மகள் இர்ஃபானாவுக்கு அம்மா சலீமா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாவின் காவலில் நானும் அத்தாவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகன் தவ்ஹீதும் நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பெற்ற பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவளிடம் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பியதில் ஒன்றைக்கூட நீ திறந்து கேட்கவில்லை என்று அதுவே காட்டிக் கொடுக்கிறது. மருமகன் மட்டும் எடுத்து, தூங்கறாங்க மாமி, எந்திரிச்சதும் பேசச் சொல்றேன் என்கிறார், பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, குரலிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் அவரிடமே விலாசம் வாங்கி இதை எழுதுகிறேன். போனை அணைத்துப் போட்டுவிடலாம், காகிதத்தை என்ன செய்வாய், கிழித்துப் போடவாவது ஒரு தடவை பார்த்துத்தானே ஆகவேண்டும். எழுதி எவ்வளவோ காலமாயிற்று, கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கிறது, பொறுத்துக்கொள். உன் கோபம் என்மேல் இல்லை, அத்தாமேல் என்று எனக்குத் தெரியும். நம்ம பிள்ளை ஹுமா மவுத்தாகிப்போன செய்தி வந்த அன்று அவர் உன்னிடம் சொன்னது ஒரே ஒரு பேச்சு, சபூர் செய்யும்மா, பொறுத்துக்க, அல்லா கொடுத்தான், அல்லா எடுத்துக்கிட்டான் என்று. உங்க நெஞ்சு என்ன கல்லா அத்தா, ஒரு சொட்டு அழமாட்டீங்களா என்று நீ அலறியது எனக்கும் கேட்டது. அதோடு நீ அவரிடம் பேசுவதை விட்டுவிட்டாய். அந்த நேரத்தில் இந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஹுமா அங்கே வெளிநாட்டில் உங்கள் வாடகை வீட்டிலிருக்கிற பழைய சோபாவை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறாள், சோறு தூக்கம் எல்லாம் அதன்மேல்தான் என்று ஒருநாள் வீடியோவில் சொல்லிச் சிரித்தாயே, நினைவிருக்கிறதா. பெருநாளைக்கு ஊருக்கு வந்தால் எங்கே உட்காருவாளோ, நம்ம வீட்டில் பிளாஸ்டிக் சேர்தானே என்றும் சொன்னாய். நீ விளையாட்டுக்குச் சொன்னதை அத்தா மனசில் போட்டுக்கொண்டார். மலைமேல் அவர் மிளகு வாங்கப் போகிற எஸ்டேட் பங்களா ஒன்று உண்டு, அங்கே முன் அறையில் துணி போர்த்தி ஒரு பழைய சோபா கிடந்ததாம், அந்த வீட்டு முதலாளியின் தாத்தா இத்தாலியிலிருந்து கப்பலில் வரவழைத்தது என்பார்கள், மெய்யோ பொய்யோ. அவர்களுடைய வாரிசுகள் பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அத்தா கடையைச் சாத்திவிட்டு ஓடினார். உன் வீடியோவில் ஹுமா உட்கார்ந்திருப்பதைப் போனில் நிறுத்தி வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போனவர் மாதிரி அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாராம். வளைந்த முதுகு அதே மாதிரி, கால் சிங்கக்கால் மாதிரி அதுவும் அதே, பச்சை வெல்வெட்டுதான் கொஞ்சம் வெளுத்துப்போச்சு என்று அங்கிருந்தே எனக்குப் போன். மிளகில் ஒரு கை குறைந்தால் ஊரைக் கூட்டுகிற மனுசர், அன்றைக்கு அவர்கள் சொன்ன விலைக்கு மறுபேச்சு பேசவில்லை.

அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் சோபா சரிந்துவிடும் என்று பின்னால் அவரே ஏறி அதைக் கட்டிப்பிடித்தபடி வந்திருக்கிறார். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி வருவதற்குள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. வாசலில் வந்து இறங்கியபோது முகம் அந்த வெல்வெட்டுக்கு மேல் பச்சையாக இருந்தது, நான் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கம் எல்லாம் வந்துவிட்டது. கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவந்தோம். வௌவால் நாற்றமும் மூட்டைப்பூச்சியும் போக வெயிலில் போட்டு, வேப்பிலைப் புகை காட்டி, தும்மித் தும்மித் தட்டி எடுத்தேன். உனக்குச் சொல்லக்கூடாது, பிள்ளை வந்து பார்க்கிறபோதுதான் நீயும் பார்க்கவேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

போட்டபிறகுதான் சங்கடம். நம்ம கூடத்தில் அது பொருந்துகிற இடம் மேற்குச் சுவர் ஒன்றுதான், நாம் தொழ முகம் வைக்கிற பக்கமும் அதுதான். சோபா முதுகின் மேல்பட்டையில் இரண்டு ஓரத்திலும் இறக்கை வைத்த குழந்தை முகம் செதுக்கியிருக்கிறது, குண்டுக் கன்னமும் சுருட்டை முடியுமாக. அத்தாவுக்கு முட்டிவலி வந்ததிலிருந்து பாதித் தொழுகை வீட்டில்தான் என்பது உனக்குத் தெரியும். தக்பீர் கட்டி நின்றால் எதிரே இரண்டு முகம் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. உருவம் இருக்கிற இடத்தில் எப்படித் தொழுவது, வானத்திலிருந்து மலக்குகள் இறங்கி வருவார்களா என்று அத்தாவுக்கு உறுத்தல். பள்ளிவாசல் அசரத்திடம் கேட்டார். துணி போட்டு மூடினாலும் போதும், முகத்தை எடுத்துவிட்டாலும் சரி என்று அவர் சொன்னார். நான் மூடிவிடலாம் என்றேன். சின்னப்புள்ள துணிய இழுத்துப் போட்டுக்கிட்டே இருக்கும், எடுத்துட்டா ஒரேயடியா நிம்மதி என்று அத்தா முடிவு செய்துவிட்டார். மலையிலிருந்து நமக்கு மிளகு கொண்டுவருகிற தேவனூர் நாட்டு அப்பாசாமி தச்சுவேலையும் பார்ப்பாரே, அவரைத்தான் வரச்சொன்னார். அவர் சோபா முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, ஏனுங்க பாய், கொழந்தப்புள்ள மொகமாட்ட இருக்குதுங்களே, இதுல எப்படிங்க உளி வெக்கறது, துணியப் போட்டு உட்ரலாமுங்க என்றார். மரந்தானப்பா, வையி என்றார் அத்தா. இடதுபக்க முகத்தில் மூக்கும் கன்னமும் போய்ப் பாதி இறங்கியிருந்தது, அத்தா கீழே உட்கார்ந்து சிராய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார், அப்போதுதான் தவ்ஹீத் போன் வந்தது.

அத்தாவுக்கு முதலில் புரியவில்லை. வீடியோவா, புள்ள எந்திரிச்சிட்டாளா, காய்ச்சல் விட்டிருச்சா என்று கேட்டார். பிறகு நீ பேசினாய், அவர் உன்னிடம் அந்தச் சபூர் வார்த்தையைச் சொன்னார், போனை என் கையில் கொடுத்துவிட்டார். இன்னொரு கையில் அந்தச் சிராய்கள் இருந்தன இர்ஃபானா, அவர் கையை மூடிக்கொண்டார், நான் பிடித்து விரிக்கிறவரை விரிக்கவில்லை, உள்ளங்கையெல்லாம் ரத்தம். அப்பாசாமி உளியைத் துணியில் சுற்றிக்கொண்டு மலையேறிப் போய்விட்டார். அத்தா ஏன் அழவில்லை என்று அன்றைக்கு எனக்கும் விளங்கவில்லை, உன்னைப்போல நானும் மனசுக்குள் திட்டத்தான் செய்தேன். ஊர் ஜமாத்தே வந்து உட்கார்ந்தபோதும் அவர் எல்லோருக்கும் பாய் விரித்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விளங்கியது போன சந்தையன்றுதான். அப்பாசாமி அதற்கப்புறம் அன்றைக்குத்தான் இறங்கி வந்தார், கொஞ்சம் மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே வராமல் நடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். அத்தா பீரோவைத் திறந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சிராய்கள்தான், ஒன்றுவிடாமல் கட்டி வைத்திருக்கிறார். இத வெச்சு மறுபடியும் அந்த மொகத்த ஒட்டித் தரமுடியுமா அப்பாசாமி என்று கேட்டார். பொடியாப் போச்சுங்களே பாய், வெட்டுனது ஒட்டாதுங்க, வேணும்னா புதுசா ஒண்ணு செதுக்கித் தர்றனுங்க என்றார் அவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அத்தா ஒன்று சொன்னார். நான் இங்க ஒரு கொழந்த மொகத்துல உளி வெக்கச் சொல்லிட்டு உக்காந்திருந்தேன், அங்க எம்புள்ள போயிருச்சு, ரெண்டும் ஒண்ணாத்தானே நடந்துச்சு, எம்மவகிட்ட எந்த வாயால நான் அழுவறது என்றார். அப்பாசாமி அழுதுவிட்டார். கை என்னுதுங்க பாய், பாவம்னு ஒண்ணு இருந்தா அது எனக்குத்தானுங்க, நீங்க ஏனுங்க சொமக்கறீங்க என்றார். சொன்னது நானுதானப்பா என்று அத்தா முடிச்சைத் திரும்பக் கட்டினார்.

உயிரைக் கொடுப்பதும் எடுப்பதும் யார் கையில் என்று அவருக்குத் தெரியாதா. மரத்தை வெட்டினால் பிள்ளை போகும் என்று நினைப்பதே ஈமானுக்கு ஆகாது என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிற ஆள் அவர். அசரத்திடமும் போய்ச் சொல்லமுடியாது, சொன்னால் வெட்கக்கேடு என்று இருக்கிறது அவருக்கு. புத்திக்குத் தெரிந்தது நெஞ்சுக்குத் தெரியவில்லை கண்ணு, அவ்வளவுதான். நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. எத்தனையோ தடவை வாயெடுத்து மூடிக்கொண்டேன், நான் என்ன சொன்னாலும் அது ஆறுதலுக்குச் சொன்னதாகத்தான் அவருக்குப் படும்.

அந்தச் சோபாவில் இதுவரை யாரும் உட்காரவில்லை. ஹுமாவுக்குப் பெருநாள் கவுன் தைக்க ரோஸ் கலர் துணி எடுத்து வைத்திருந்தேன், அதை இனி எதற்கு வைத்திருப்பது, இரண்டு முகத்துக்கும் உறை தைத்துப் போட்டுவிட்டேன். இப்போது நடப்பதைக் கேள். விடியற்காலை சுபுஹுக்கு எழுந்து கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, முழுசாக இருக்கிற முகத்துக்கு உறையை மாட்டுவார். தொழுது துஆ கேட்டு முடித்ததும் எழுந்துபோய் மெதுவாகக் கழற்றுவார், தூங்குகிற பிள்ளை முகத்திலிருந்து போர்வையை விலக்குகிற மாதிரி. ஐந்து வேளையும் இதேதான். வெட்டுப்பட்ட முகத்தின் உறையை மட்டும் இன்றுவரை எடுத்ததில்லை, அந்தப் பக்கம் பார்ப்பதும் இல்லை. இடையில் சேலத்திலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்தார். தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒரு மொகம் போனதால பாதி மதிப்பு போச்சுங்களே பாய் என்றார். பாதி இல்லீங்க, முழுசும் போச்சுங்க என்று சொல்லி அத்தா வாசற்கதவைத் திறந்துவிட்டார்.

இதையெல்லாம் உனக்கு எழுதலாமா கூடாதா என்று நானும் எத்தனையோ யோசித்துவிட்டேன். உன் துக்கத்தின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் காத்திருப்பது உன் வாய்ச்சொல்லுக்கு. மன்னிக்கிறேன் என்று நீ சொல்லவேண்டாம், மன்னிக்க அவர் ஒன்றும் செய்யவில்லை. திட்டு, வேண்டுமானால் இன்னொரு தடவை அலறு, ஆனால் பேசு. நீ பேசினால் அவர் அழுதுவிடுவார், அவர் அழுதால் பிழைத்துக்கொள்வார், இது நிச்சயம். கடையைப் பாதிநாள் திறப்பதில்லை, மலைக்கும் போவதில்லை, இந்த வருடம் மிளகு நன்றாகக் காய்த்திருக்கிறது என்று ஆள்மேல் ஆள் வந்து சொல்லியும் ம் என்பதோடு சரி. ஆளே இளைத்துப் பழைய சட்டையெல்லாம் தொளதொள என்று இருக்கிறது.

உனக்குச் சொல்ல வேறு என்ன இருக்கிறது. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. சமைக்கப் பிடிக்கவில்லை என்றால் கஞ்சியாவது வைத்துக் குடி. தவ்ஹீதை விட்டுவிடாதே, நீ அழுகிறாய் என்று அவர் அடக்கிக்கொண்டு திரிவார், அவரும் தகப்பன்தான், பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். ஹுமாவின் சின்னச் சட்டைகளை இப்போதே யாருக்கும் கொடுத்துவிடாதே, அவசரம் ஒன்றும் இல்லை. எங்கள் கையால் ஒரு தடவைகூடத் தூக்காத பிள்ளை அவள், அந்த ஏக்கம் எங்களைக் கபர் வரைக்கும் விடாது. நாளை மறுமையில் பெற்றவர் கையைப் பிடித்துச் சுவனத்துக்கு இழுத்துப் போவார்களாம் இந்தப் பிஞ்சுகள், அன்றைக்கு நன்னா நன்னி எங்களையும் அவள் அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் வயிற்றையும் மனசையும் அல்லா குளிரவைப்பான், உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளைத் தருவான், ஆமீன்.

இதுவரை எழுதி மடிக்கப்போகிற நேரத்தில் அத்தா சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வந்து நின்றார். யாருக்கு என்றார், உங்க மவளுக்கு என்றேன். என் சலாமையும் எழுது என்றார். வேறென்ன எழுதட்டுமுங்க என்று கேட்டேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சோபாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, புள்ளைய வெச்சிருக்கிற எடத்துல நெழலுக்கு மரம் இருக்குதான்னு கேளு என்றார்.

இதற்கான பதிலை எனக்கு எழுதாதே கண்ணு. அஸருக்கு அப்புறம் அந்தச் சோபா முன்னால் தரையில்தான் உட்கார்ந்திருப்பார், போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி நீயே சொல்லிவிடு.

உன்னைப் பெற்ற,
சலீமா பீவி