மீன் வாடை வராத பன்னிரண்டு மரங்கள்

அன்புள்ள பூதத்துக்கு,

மூன்று வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். பாதி படித்துவிட்டுக் கசக்கிப் போட்டுவிடுவாயோ என்ற பயத்தில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல்காடு பிழைத்தது. ஒன்றாம் தேதி மரம் வெட்ட வரவேண்டிய ஆட்கள் வரவில்லை, இனி பத்து வருடத்துக்கு வரமாட்டார்கள். நேற்று உத்தரவு கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டு வனத்துறை ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே எல்லாரும் நலம். வீட்டுக்காரருக்கு இடுப்புவலி குறைந்திருக்கிறது, ஆனால் வலி இருந்தபோது கிடைத்த கவனிப்பு குறையக்கூடாது என்று இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார். மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிறாள். உன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே உங்களுக்கு மூன்றாம் மாடியில் வீடு என்று நம் ஆபீஸ் டிரைவர் அண்ணன் எங்கேயோ விசாரித்து வந்து சொன்னார். அன்றிலிருந்து அம்மா அத்தனை படியும் எப்படி ஏறி இறங்குகிறார் என்றே யோசனை.

அடுத்து எழுதப்போவது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் நான் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. அதனால் பொறுமையாகப் படி.

மூன்று வருடத்துக்கு முன்னால், கீழ்க்காட்டில் கிழட்டு மரங்கள் பன்னிரண்டையும் விட்டுவிட்டு, அவற்றைச் சுற்றி நின்ற இளமரங்களை மட்டும் வெட்டலாமா என்று ஆபீஸ் நம்மிடம் கேட்டது. பாசி மாதிரி ஒட்டிப் படர்கிற லைக்கன் எல்லாம் இருப்பது கிழட்டு மரங்களின் பட்டையில்தானே, மரம் நின்றால் அதுவும் நிற்கும் என்று நான் சொன்னேன். நீ மாட்டேன் என்றாய். சுற்றி நிற்கிற மரங்கள்தான் நிழல், ஈரம், காற்றுக்குத் தடுப்பு எல்லாம். அதை எடுத்துவிட்டு மரத்தை மட்டும் விடுவது, கூரையைப் பிரித்துவிட்டு வீட்டை விட்டுவைத்தோம் என்று சொல்வது போல என்றாய். எனக்கு அறிக்கையை முடிக்கிற அவசரம். பூதக்கண்ணாடியும் கையுமாக அலைகிற பூதமே, உனக்கு ஒரு மரத்துக்கு ஒரு யுகம் வேண்டும் என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தேன். நான் கையெழுத்துப் போட்டேன். நீ போடவில்லை, மறுப்பை எழுதிக் கொடுத்தாய். அந்த வருடம் உன் வேலையை அவர்கள் நீட்டிக்காதபோது நான் வாயே திறக்கவில்லை. நீ ஊரைவிட்டுப் போன அன்று பஸ் நிலையத்துக்குக்கூட வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். எனக்குக் காய்ச்சல் இல்லை.

இந்த வருடம் அதே கேள்வி மேல்காட்டுக்கு வந்தது. அங்கே நாற்பது கிழட்டு மரங்கள், சுற்றிலும் வளர்ந்த இளமரங்கள். கீழ்க்காட்டில் மூன்று வருடம் கழித்து என்ன நிலைமை என்று பார்த்து அறிக்கை கொடு, அதை வைத்து முடிவு செய்வோம் என்றார்கள். சரியாக யாரிடம் கேட்டார்கள் பார்!

கட்டம் கட்டமாக நூல் கட்டிய மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கீழ்க்காட்டுக்குப் போனேன். டிரைவர் அண்ணன்தான் துணை. நம் லைக்கனுக்கு அவர் வைத்திருக்கிற பெயர் மரத்தேமல். தேமல் எண்ணுகிற மேடம் என்றுதான் என்னைப் பற்றி டீக்கடையில் சொல்கிறார். ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில், நாலு பக்கமும் சட்டத்தை வைத்து, உள்ளே அகப்பட்ட வகைகளை எண்ணினேன். வெட்டுவதற்கு முன்பு பத்தொன்பது வகை. இப்போது இருபது.

பூதம், உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று கூடுதலாகவே இருக்கிறது! நான் சொன்னதுதான் சரி, நீதான் வீம்புக்காரி என்று மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. ஆபீஸ் படிவத்தில் வகைகளின் எண்ணிக்கை என்று ஒரே ஒரு கட்டம். அதில் இருபது என்று எழுதினேன். சுற்று மரங்களை வெட்டுவதால் பாதிப்பில்லை என்று அறிக்கையும் அடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

அன்று மத்தியானம், கீழ்க்காட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த தண்ணீர் தெளிப்பானை எடுக்கப் போனோம். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஏழாம் நம்பர் மரத்தடியில் இரண்டு பேரும் ஒதுங்கினோம். பட்டையெல்லாம் நனைந்து தண்ணீர் வழிகிறது. டிரைவர் அண்ணன் மூக்கைச் சுளித்து அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, முன்னாடியெல்லாம் மழை பேஞ்சா இந்த மரத்துகிட்ட நிக்க முடியாதே, ஒரே மீன் நாத்தமா இருக்குமே. இப்ப ஒண்ணுமே இல்லையே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நனைந்தால் மீன் வாடை அடிக்கும் அந்தப் பழுப்பு இலை வகை லைக்கனுக்கு நீ மீன்கடை என்று பெயர் வைத்திருந்தாய். மழையிலேயே ஒவ்வொரு மரமாக ஓடினேன். பன்னிரண்டு மரத்தையும் முகர்ந்து பார்த்தேன். டிரைவர் அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார், எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று நினைத்திருப்பார். எந்த மரத்திலும் வாடை இல்லை.

ஆபீசுக்கு வந்து உன் நோட்டை எடுத்தேன். நீ போனபிறகு அது இருந்த அலமாரியின் கீழ்த்தட்டை நான் திறந்ததே இல்லை. நான் எண்ணிக்கை மட்டும் எழுதினேன். நீ ஒவ்வொன்றுக்கும் செல்லப் பெயர் வைத்து, எந்த மரத்தில் எந்தப் பக்கம் என்று படம் போட்டு வைத்திருக்கிறாய். மீன்கடை, கிழிசல், சுருட்டை, தாடிக்காரர், பச்சை மடல். உன் பட்டியலையும் என் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். பழைய பத்தொன்பதில் எட்டுதான் மிச்சம். பதினொன்று போய்விட்டன. வெயிலைத் தேடி வருகிற சுண்ணாம்பும் மஞ்சள் பொட்டும் அவற்றின் உறவுக் கூட்டமுமாகப் பன்னிரண்டு புதிதாகக் குடியேறியிருக்கின்றன. எட்டும் பன்னிரண்டும் இருபது. கணக்கில் பிழையே இல்லை. வீட்டில் தலையை எண்ணிச் சரியாக இருக்கிறதென்று சொல்லிவிட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த உறையைக் கிழித்துப் போட்டேன். அழுதேன் என்று சொன்னால் நம்புவாயா? டிரைவர் அண்ணனைக் கேள், சொல்வார்.

மேல்காட்டைப் பற்றி முடிவெடுக்கிற கூட்டத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மரம் இல்லாத பக்கத்திலிருந்து வெயில் எவ்வளவு தூரம் புகுந்து கெடுக்கிறது என்று பார்க்க, மேல்காட்டில் சாலை ஓரத்து மரத்திலிருந்து உள்ளே உள்ளே போய், ஒவ்வொரு பட்டையாக, பெயர் எழுதி, படம் போட்டு, உன்னைப் போலவே ஆமை வேகத்தில் செய்தேன். உச்சி வெயில் நேரத்தில் ஈரப்பதக் கருவியைத் தொங்கவிட்டுக் குறித்தேன். சாலையிலிருந்து நாற்பது மீட்டர் வரைக்கும் மஞ்சள் பொட்டின் ராஜ்ஜியம். அதற்கு அப்பால் போனால்தான் கிழிசலும் சுருட்டையும் தலை காட்டுகின்றன. இன்னும் உள்ளே, தண்ணீர் தெளித்தவுடன் குப்பென்று மீன்கடை. அந்த நாற்றத்தை நான் இப்படி ஆசை ஆசையாக மூச்சு இழுப்பேன் என்று யார் கண்டது!

கூட்டத்தில் பெரிய அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "அப்ப மூணு வருஷம் முன்னாடி பாதிப்பு இல்லைன்னு கையெழுத்துப் போட்டது யாரு?" என்று கேட்டார். அவருக்கே தெரியும், பேப்பர் அவர் முன்னால்தான் இருந்தது. நான்தான் என்றேன். அது தப்பு என்றேன். என்னோடு வேலை பார்த்தவர் அன்றைக்கே எழுத்து மூலம் மறுத்தார், அவர் சொன்னதுதான் சரி, அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றாமல் நான் உட்கார மாட்டேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் வேலைக்கும் இன்றோடு வணக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதிகாரி எழுத்தரிடம் திரும்பி, "எழுதிக்கப்பா" என்றார்.

கிழட்டு மரங்களைச் சுற்றி ஐம்பது மீட்டருக்குப் பத்து வருடம் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு. நீ நூறு கேட்டிருப்பாய், தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எத்தனையோ நாள் கழித்து ஒரே தூக்கமாகத் தூங்கினேன். ஆனால் கீழ்க்காட்டுக்கு மீன்கடை திரும்பவில்லை. அங்கே இளமரங்களை மறுபடி நடுவதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். அவை வளர்ந்து நிழல் விழுவதற்குள் நீயும் நானும் கிழவிகளாகிவிடுவோம். அந்தப் பன்னிரண்டு மரமும் என் கணக்கில்தான் இருக்கும்.

கூட்டக் குறிப்பின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் உன் பெயர் இருக்கிறது. அம்மாவிடம் காட்டு. வேலையை விட்டு வந்த பெண் வீம்புக்காரி என்று அக்கம்பக்கத்தில் யாராவது பேசியிருந்தால் அவர்களிடமும் காட்டு. உன் வேலையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. கேட்டுவைத்திருக்கிறேன். முடியாது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத நாலு தரம் பேனாவை எடுத்தேன். கடிதத்தில் எழுதித் தீர்த்துக்கொள்கிற விஷயமாக அது தெரியவில்லை. அம்மாவுக்கு முடிகிற சமயமாகப் பார்த்து ஒரு வாரம் வா. எங்கள் வீட்டில் படி ஒன்றுகூட இல்லை, அவரையும் கூட்டிக்கொண்டு வா. முதல் நாள் முழுக்க உட்கார்ந்து என்னைத் திட்டு. நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். இரண்டாம் நாள் காட்டுக்குப் போவோம். எந்த பஸ் என்று மட்டும் எழுது. இந்தத் தடவை நான் நிலையத்தில் நிற்பேன்.

உன் அன்புக்கு ஏங்கும்,
அவசரக்காரி